தண்ணீரில் இறங்கிய பாக் சே ரி

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

கோல்ஃப் என்றதும், அது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்கி விடுகிறோம். கூடைப்பந்தைப் போல அதில் ஓட்டமில்லை. எறிபந்தைப் போலக் கூச்சலில்லை. எதிராளி நம் பந்தைத் தொடுவதுகூட இல்லை. புல்வெளியில் நடப்பதும், நின்று யோசிப்பதும், ஒரு தடவை அடிப்பதும், மறுபடி நடப்பதுமாக நான்கு மணி நேரம் போகிறது. இதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று தோழியர் பலர் கேட்கலாம். 1998-ஆம் ஆண்டு ஜூலை மாதம் அமெரிக்காவில் நடந்த பெண்கள் ஓபன் போட்டியின் கதையை அறிந்தால் அந்தக் கேள்வி எழாது. இருபது வயதுப் பெண்கள் இருவர் ஐந்து நாட்கள் ஆடியும், வென்றவர் யார் என்று கடைசி நிமிடம் வரை ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

முதலில் ஆட்டத்தின் முறையைச் சொல்லி விடுகிறேன். தரையில் கிடக்கும் சிறிய வெள்ளைப் பந்தை ஒரு கோலால் அடித்து, சில நூறு மீட்டர் தள்ளியுள்ள குழியில் விழச் செய்ய வேண்டும். அந்தக் குழியின் அகலம் 10.8 சென்டிமீட்டர்தான். இப்படிப் பதினெட்டுக் குழிகளை ஆடினால் அது ஒரு சுற்று. யார் குறைந்த அடிகளில் முடிக்கிறாரோ அவரே வென்றவர். நம் பரீட்சைக்கு நேர்மாறாக, இங்கே குறைவாக எடுப்பவர்தான் முதலிடம்! ஒவ்வொரு குழியையும் இத்தனை அடிகளில் முடிக்கலாம் என்று ஒரு கணக்கு உண்டு. அதற்குப் 'பார்' என்று பெயர். அதைவிட ஓர் அடி குறைத்தால் 'பர்டி', ஓர் அடி கூடினால் 'போகி'. குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையைக் 'கிரீன்' என்பார்கள். பந்து அங்கே வந்து சேர்ந்தபின் அதை மெல்லத் தட்டி உருட்டுவார்கள். அதுவரை வரும் வழியில் மணல் பள்ளங்கள், முழங்கால் உயரப் புல், குட்டைகள், ஓடைகள் எல்லாம் உண்டு. அவை இயற்கையாக அமைந்தவை என்று எண்ண வேண்டாம். ஆடுபவரைச் சோதிக்கவே பெரும்பாலும் திட்டமிட்டு அமைக்கிறார்கள்.

விஸ்கான்சின் மாநிலத்தில் கோலர் என்ற சிற்றூரில் உள்ள பிளாக்வுல்ஃப் ரன் மைதானத்தில் அவ்வாண்டுப் போட்டி நடைபெற்றது. (குளியலறைக் குழாய்களிலும் தொட்டிகளிலும் நாம் பார்க்கும் கோலர் என்ற பெயருக்குரிய நிறுவனத்தின் ஊரே இது.) மைதானத்தை அமைத்தவர் பீட் டை. ஆடுபவரை எளிதில் விடமாட்டார் என்று பெயர் வாங்கியவர் அவர். நான்கு நாள், நான்கு சுற்று, ஆக 72 குழிகள். சுற்றுக்கு 71 அடி வீதம் நான்கு சுற்றுக்கும் 284 அடி என்பது கணக்கு. உலகின் சிறந்த பெண் ஆட்டக்காரர்கள் அத்தனை பேர் வந்திருந்தும், ஒருவராலும் அந்த 284-ஐ எட்ட முடியவில்லை. மைதானம் எத்தனை கடுமையானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அந்த இருவரைப் பற்றி இனிச் சொல்கிறேன்.

ஒருவர் பாக் சே ரி. கொரிய வழக்கப்படி குடும்பப் பெயர் முன்னால் வரும். பாக் என்பது குடும்பப் பெயர், சே ரி என்பது அவருடைய பெயர். தென் கொரியாவின் தேஜோன் நகரத்தவர். பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தய வீராங்கனையாக இருந்தவரைத் தந்தைதான் கோல்ஃபுக்குக் கொண்டு வந்தார். 1998-ஆம் ஆண்டுதான் அமெரிக்காவில் தொழில்முறை ஆட்டக்காரராக அவருக்கு முதல் ஆண்டு. மே மாதத்தில் எல்.பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் என்னும் பெரும் போட்டியை வென்று எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்திருந்தார். அவருக்கு முன் 1988-லேயே கு ஓக் ஹீ என்ற கொரியப் பெண்மணி அமெரிக்காவில் ஒரு போட்டியை வென்றதுண்டு. ஆனால் அதற்கு இவ்வளவு பேச்சு எழவில்லை.

மற்றவர் ஜென்னி சுவாசிரிபோர்ன். (இந்தப் பெயரை நான் நான்கு முறை எழுத்துக் கூட்டிப் படித்தேன்.) தாய்லாந்திலிருந்து அமெரிக்காவில் குடியேறிய பெற்றோரின் மகள். அவர்கள் பால்டிமோர் பகுதியில் ஓர் உணவகம் நடத்தி வந்தார்கள். ஜென்னி டியூக் பல்கலைக் கழகத்தில் படித்துக் கொண்டிருந்த மாணவி. ஆட்டத்தைத் தொழிலாகக் கொள்ளாதவர். அப்படிப்பட்டவர்களை 'அமெச்சூர்' என்பார்கள். அக்கால விதிப்படி அவர்கள் வென்றாலும் பரிசுப் பணத்தைத் தொடக் கூடாது. பெண்கள் ஓபன் தொடங்கிய 1946 முதல் அதுவரை அதை வென்ற ஒரே அமெச்சூர், 1967-இல் பிரான்சு நாட்டின் கத்ரீன் லகோஸ்த்தான். ஜென்னியின் ஆட்டப் பையைச் சுமந்து கூடவே நடந்தவர் அவருடைய சகோதரர் ஜோயி.

பாக்கின் நாடு அப்போது இருந்த நிலையையும் சொல்லியாக வேண்டும். 1997-ஆம் ஆண்டு இறுதியில் தென் கொரியாவின் பொருளாதாரம் சரிந்தது. அந்நியச் செலாவணி கரைந்து, நவம்பரில் அரசு பன்னாட்டு நிதியத்திடம் கடன் கேட்டுக் கைநீட்ட வேண்டியதாயிற்று. பெரிய நிறுவனங்கள் மூடப்பட்டன; குடும்பத் தலைவர்கள் வேலையிழந்தார்கள். 1998 தொடக்கத்தில், நாட்டின் கடனை அடைக்கத் தங்கம் தாருங்கள் என்று ஓர் இயக்கம் நடந்தது. மக்கள் வரிசையில் நின்று கல்யாண மோதிரங்களையும், குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு வந்த மோதிரங்களையும் கொடுத்தார்கள். இருநூறு டன்னுக்கும் மேல் தங்கம் சேர்ந்ததாம். நம் வீடுகளில் தங்கம் என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். ஆகவே அதைக் கழற்றிக் கொடுத்தவர்களின் மனநிலையை விளக்க வேண்டியதில்லை. அந்த மக்கள்தான் விடிவதற்கு முன் எழுந்து, தொலைக்காட்சி முன் உட்கார்ந்து, இருபது வயதுப் பெண்ணொருத்தி பந்தடிப்பதைப் பார்த்தார்கள்.

முதல் நான்கு நாட்களை விரைவாகக் கடந்து விடலாம். பாக் முதல் இரு நாட்களில் 69, 70 என்று அருமையாக ஆடினார். பின்னிரண்டு நாட்களில் 75, 76 என்று தடுமாறினார். ஜென்னி 72, 71, 75, 72. இரண்டையும் கூட்டிப் பாருங்கள். இருவருக்கும் 290! ஞாயிற்றுக் கிழமை 72-ஆம் குழியில் ஜென்னி ஏறத்தாழ 12 மீட்டர் தொலைவிலிருந்து தட்டிய பந்து, மேடு பள்ளங்களைச் சுற்றிக் கொண்டு குழிக்குள் விழுந்தது. விழும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டு கண்கள் விரிய நின்றார். அந்தத் தட்டுதான் கணக்கைச் சமன் செய்தது.

சமநிலை வந்தால் மறுநாள் இருவர் மட்டும் இன்னொரு முழுச் சுற்று ஆட வேண்டும் என்பது அக்காலத்தில் இப்போட்டியின் விதி. ஆக, ஜூலை 6, திங்கட்கிழமை மீண்டும் பதினெட்டுக் குழிகள். தொடக்கத்தில் ஜென்னி நான்கு அடிகள் வரை முன்னே சென்று விட்டார். கோல்ஃபில் நான்கு அடி என்பது சாதாரணமல்ல. ஆனால் ஆறாவது குழி அவர் காலை வாரியது; அங்கே மூன்று அடிகள் கூடுதலாகச் செலவாயின. பாக் கொஞ்சம் கொஞ்சமாக இடைவெளியைக் குறைத்தார். பதினேழு குழிகள் முடிந்தபோது மறுபடியும் இருவரும் சமம்.

பதினெட்டாம் குழிக்குப் பார் நான்கு. அதன் இடப்பக்கம் நெடுகத் தண்ணீர். பாக் அடித்த முதல் பந்து இடது பக்கம் விலகி, கரையில் குதித்து, சரிவில் உருண்டு, தண்ணீருக்கு ஒரு சாண் மேலே அடர்ந்த புல்லில் சிக்கி நின்றது. ஜென்னியின் பந்தோ நல்ல இடத்தில் கிடந்தது. கூடியிருந்தவர்கள் ஆட்டம் முடிந்தது என்றே எண்ணினார்கள்.

அந்த இடத்தில் பாக்கின் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, தண்டனையாக ஓர் அடியைக் கணக்கில் ஏற்றுக்கொண்டு, பந்தை எடுத்து, விதி காட்டும் வேறொரு நல்ல இடத்தில் போட்டு ஆடுவது. இது பாதுகாப்பான வழி. ஆனால் அடுத்த அடி மூன்றாவது அடியாகி விடும். பந்தும் கிரீனுக்குத் தொலைவில் இருக்கும். இரண்டாவது வழி, பந்து கிடக்கும் இடத்திலிருந்தே அடிப்பது. அதற்குத் தண்டனை கிடையாது. ஆனால் பந்து சரிவில் இருக்கிறது, நிற்க இடமில்லை. நிற்க வேண்டுமானால் தண்ணீருக்குள்தான் நிற்க வேண்டும். பந்து கால்மட்டத்துக்கு மேலே, ஏறக்குறைய முழங்கால் அளவில் இருக்கும். போதாததற்கு, இப்படிப்பட்ட இடத்தில் அடிப்பதற்கு முன் கோல் தரையையோ தண்ணீரையோ தொடக் கூடாது என்பதும் அக்கால விதி. தொட்டால் தண்டனை. அடி பிசகினால் பந்து குட்டைக்குள். அத்துடன் கோப்பையும் போயிற்று.

பாக் கரையில் நின்று நெடுநேரம் பார்த்தார். உடன்வந்த கேடியோடு பேசினார். சரிவில் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தார். பிறகு உட்கார்ந்து காலணிகளைக் கழற்றினார். காலுறைகளையும் கழற்றினார்.

அந்தக் காட்சியைப் பற்றி எழுதிய யாவரும் ஒன்றைத் தவறாமல் குறிப்பிடுகிறார்கள். பாக்கின் கால்கள் வெயிலில் கருத்துப் பழுப்பேறியிருந்தன. காலுறை மூடியிருந்த பாதங்கள் மட்டும் வெள்ளை வெளேரென்று, வேறொருவருடைய பாதங்கள் போல இருந்தன. எத்தனை ஆண்டுகள், எத்தனை மணி நேரம் வெயிலில் நின்றிருந்தால் அப்படி ஆகும் என்பதைக் கொரியாவில் பார்த்துக் கொண்டிருந்த தாய்மார்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை.

அவர் தண்ணீரில் இறங்கினார். கோலை அந்தரத்தில் நிறுத்தி, ஓங்கி அடித்தார். புல்லோடு பந்து கிளம்பி, எதிர்ப்பக்கம் வெட்டிய புற்பரப்பில் போய் விழுந்தது. அங்கிருந்து மூன்றாவது அடியில் கிரீன். பிறகு இரண்டு தட்டு. மொத்தம் ஐந்து, அதாவது போகி. இப்போது ஜென்னி நான்கில் முடித்தால் கோப்பை அவருடையது. அவரது தட்டு குழியைத் தவறவிட்டது. அவருக்கும் ஐந்து. அன்றைய சுற்றில் இருவருக்கும் 73.

நான்கு நாள் ஆடிச் சமம். ஐந்தாம் நாளும் ஆடிச் சமம்! இனி எவர் ஒரு குழியில் முந்துகிறாரோ அவருக்கே வெற்றி என்றார்கள். முதல் குழியில் இருவரும் சமம். அதற்கடுத்த குழியில் பாக் சுமார் ஐந்தரை மீட்டர் தொலைவிலிருந்து தட்டிய பந்து குழிக்குள் விழுந்தது. பர்டி. 92-ஆம் குழியில் ஆட்டம் முடிந்தது. பெண்கள் கோல்ஃபில் அதுவரை இத்தனை நீண்ட போட்டி நடந்ததில்லை. தந்தை ஓடி வந்து மகளைக் கட்டிக் கொண்டார். பாக் அழுதார். அன்றைய நிலையில், அப்போட்டியை வென்றவர்களிலேயே வயதில் இளையவர் அவர்தான்.

கொரியாவில் அப்போது செவ்வாய்க் கிழமை அதிகாலை. தண்ணீரில் இறங்கிய காட்சியைத் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அதே ஆண்டு அரசு வெளியிட்ட ஒரு விளம்பரப் படத்தில், பலரும் அறிந்த ஒரு பழைய பாட்டோடு அதைச் சேர்த்தார்கள். ஒரு பந்தாட்டம் எந்தக் கடனையும் அடைத்துவிடவில்லை; வேலையிழந்தவருக்கு வேலையும் தந்துவிடவில்லை. இருந்தாலும் அந்த வருடத்தைப் பற்றிப் பேசும் கொரியர்கள் இன்றும் அந்தப் பாதங்களைச் சொல்லாமல் விடுவதில்லை.

தந்தையைப் பற்றி ஒரு சொல். அடுக்குமாடிக் கட்டடத்தின் படிகளில் மகளை ஏறி இறங்க வைத்துப் பயிற்சி கொடுத்த கண்டிப்பான மனிதர் அவர். இதைப் படிக்கும் பெற்றோர் சிலர் பெருமிதத்தோடு தலையசைக்கலாம். எனக்கு முழுச் சம்மதம் வரவில்லை. பாக் பின்னாளில் காயமும் தோல்வியும் கண்டு சோர்ந்திருந்த காலத்தைப் பற்றிப் பேசும்போது, தனக்குப் பயிற்சி செய்யத் தெரிந்ததே தவிர ஓய்வெடுக்கத் தெரியவில்லை என்ற கருத்தைச் சொல்லியிருக்கிறார். அதையும் சேர்த்தே அந்தப் படிக்கட்டுகளைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். அவர் மீண்டு வந்து 2006-இல் எல்.பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பை மூன்றாம் முறையாக வென்றார் என்பதும் உண்மைதான். மொத்தம் ஐந்து பெரும் போட்டிகளை வென்று, 2016-இல் ஓய்வு பெற்றார்.

ஜென்னி என்ன ஆனார்? வென்றவரைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்பதால் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. படிப்பை முடித்து 1999-இல் அவரும் தொழில்முறை ஆட்டக்காரரானார். ஆனால் பெரிய போட்டிகளில் நிலையான இடம் கிடைக்கவில்லை. சில ஆண்டுகள் முயன்றபின் கோல்ஃபை விட்டார். செவிலியர் படிப்புப் படித்து அந்தப் பணியில் சேர்ந்தார். ஒரு தட்டில் கோப்பையைத் தவறவிட்டவர் என்று செய்தித்தாள்கள் அவரை எழுதுகின்றன. நோயாளியின் அருகில் நிற்கும் ஒருவரை அப்படி மட்டும் அழைப்பது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை.

கொரியாவிலோ அந்தக் காலை வேறு விதமாக வளர்ந்தது. அன்று பெற்றோரின் ஆரவாரம் கேட்டுக் கண்விழித்த சிறுமி ஒருத்திக்குப் பத்தாவது பிறந்தநாள் வர இன்னும் சில நாட்களே இருந்தன. பாக் இன் பீ என்பது அவள் பெயர். (சே ரிக்கு உறவல்ல, கொரியாவில் பாக் என்ற குடும்பப் பெயர் மிகப் பரவலானது.) சில நாட்களில் அவள் கையிலும் ஒரு கோல். 2008-இல் பத்தொன்பது வயதில் இதே பெண்கள் ஓபனை வென்று, சே ரியின் இளவயதுச் சாதனையை முறியடித்தது அந்தச் சிறுமிதான்! 2016-ஆம் ஆண்டு ரியோ ஒலிம்பிக்கில் பெண்கள் கோல்ஃப் 116 ஆண்டுகளுக்குப் பின் திரும்ப வந்தபோது தங்கம் வென்றவரும் அவரே. கொரிய அணியின் பயிற்சியாளர் யார் என்று நினைக்கிறீர்கள்? பாக் சே ரி. 1998-இல் அமெரிக்கப் போட்டிகளில் தனியொருத்தியாய் ஆடத் தொடங்கிய அவருக்குப் பின்னால், பத்தே ஆண்டுகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட கொரியப் பெண்கள் அங்கே ஆடிக் கொண்டிருந்தார்கள். அவர்களுக்குச் 'சே ரியின் பிள்ளைகள்' என்றே பெயர்.

2012-ஆம் ஆண்டு பெண்கள் ஓபன் மறுபடியும் பிளாக்வுல்ஃப் ரன்னுக்கு வந்தது. அம்முறை வென்றவர் சோய் நா யோன். 1998-இல் அவரும் பத்து வயதுச் சிறுமியாக இருந்து அந்த ஆட்டத்தைப் பார்த்தவர். இரண்டாமிடம் வந்தவரும் கொரியப் பெண்ணே. முப்பத்து நான்கு வயதான பாக் சே ரியும் அப்போட்டியில் ஆடினார். தம் ஆட்டத்தை முடித்த பிறகு அவர் அறைக்குத் திரும்பவில்லை. பதினெட்டாம் கிரீனின் ஓரத்தில் நின்று காத்திருந்தார். சோய் கடைசித் தட்டை முடித்ததும், அவரைக் கட்டிக்கொள்ளப் போனவர்களில் பாக்கும் ஒருவர்.